பூக்காமல் காய்ச்சு நிண்ட மரம்: வன்னியில கண்ட ஆக்கள் சொல்லுங்கோ

வடலிக்காடன்:
நெடுங்கேணிப் பக்கம் மாமான்ர காணிக்கு எல்லை பிடிக்கப் போன நேரம். பாலைக்கும் வீரைக்கும் நடுவில என்ர நெஞ்சளவு உயரத்தில ஒண்டு நிண்டது. ஈஞ்சு எண்டுதான் முதல் நினைச்சன், ஆனா அது சைக்கஸ் மரம். ஓலையை விலத்தினா, நடுவில மண்ணிறப் பஞ்சு பிடிச்ச கையளவு ஓலையள். ஒவ்வொண்டின்ர ரெண்டு கரையிலயும் செம்மஞ்சள் காய், நாலு ஆறு எண்டு. மேல மூடி ஒண்டும் இல்லை. முட்டையை உள்ளங்கையில வைச்சு நீட்டின மாதிரி. ஒரு கட்டெறும்பு காயில ஏறுறதும் இறங்கிறதுமா நிண்டது.

'வித்துமூடியிலிகளில் சூல்வித்து சூலகத்தால் மூடப்படுவதில்லை' எண்டு உயர்தரத்தில எத்தினை தரம் எழுதியிருப்பன். பூவும் பழமும் இல்லாமல் வித்து வெளியில தெரிய நிக்கிற மரம் எண்டதுதான் அதின்ர கருத்து. அண்டைக்குத்தான் அந்த வசனத்தைக் கண்ணால கண்டன்.

சைக்கசில ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. அந்தக் காட்டில ஒரு பின்னேரம் முழுக்கத் தேடியும் ஆண் ஒண்டும் காணேல்லை. அப்ப அந்தக் காய் எப்பிடி வந்தது? அஞ்சு கொண்டுவந்து தாட்டன். ஒரு வருசமாச்சு, ஒண்டும் முளைக்கேல்லை. வேற ஆராவது கண்டனீங்களோ?

முள்ளியவளைப் பேத்தி:
எங்கட அம்மம்மா உந்தக் காயில மா இடிச்சவ. சீவி, வெயிலில காயப்போட்டு, பிறகு ஒரு கிழமைக்குக் கிட்ட ஊறப்போட்டு ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்துவா. எனக்கு இண்டைக்கும் கண்ணுக்க நிக்கிறது அந்தத் தண்ணி. குசினிக்குப் பின்னால ஊத்தமாட்டா, வேலி தாண்டிக் கொண்டுபோய் ஊத்துவா. ஒருக்கா கோழி ஒண்டு சட்டிக்குக் கிட்டப் போக, அகப்பையை எறிஞ்சு கலைச்சவ. பிட்டு அவிச்ச பிறகு நானும் கேட்டன். "உனக்கு வேற இருக்கு" எண்டிட்டுத் தான் மட்டும் சாப்பிட்டவ. வேற ஒண்டும் இருக்கேல்லை எண்டது பிறகுதான் எனக்கு விளங்கினது.

குளக்கட்டு:
முத்தையன்கட்டில நானும் கண்டனான். உது பனையின்ர பாட்டன். பனையிலயும் ஆண் பெண் இருக்குத்தானே. டைனோசர் திண்ட அதே மரம், ஒரு மாற்றமும் இல்லாமல் அப்பிடியே நிக்குது.

மாங்குளம் ரியூசன்:
குளக்கட்டு அண்ணை, கோவிக்காதேங்கோ, ரெண்டும் பிழை. பனை பூக்கிற மரம். பாளை எண்டு சீவுறது பூந்துணரைத்தான். ஓலை ஒத்துப்போனதால சொந்தம் ஆகாது. சைக்கசுக்கு ஒண்டுவிட்ட சொந்தம் எண்டா பைன், கிங்கோ, நீற்றம் கொடி மாதிரிப் பூக்காத வித்துமூடியிலியள்தான். எங்கட தீவுக்கு உரித்தான பைன் இல்லை, மலைநாட்டில நிக்கிறது நட்டது.

'அதே மரம்' எண்ட கதையும் 2011இலயே ஆட்டம் கண்டிட்டுது. டிஎன்ஏயை வைச்சுப் பாத்தவை, இண்டைக்கு உலகத்தில உள்ள, சைக்கஸ் சேர்ந்த சைக்கட் கூட்டத்து இனங்களில கனக்கக் கடைசி 1.2 கோடி வருசத்துக்குள்ள பிரிஞ்சு வந்தது எண்டு கண்டவை. டைனோசர் அழிஞ்சு 6.6 கோடி வருசம். குடும்பம் பழசு, பிள்ளையள் புதுசு. ஆனா பழைய பழக்கம் ஒண்டை விடேல்லை. மகரந்தக் குழாயில இருந்து வெளிய வாற ஆண் புணரி, அதாவது விந்துக் கலம், ஆயிரக்கணக்கான சவுக்குமுளையை (வால் மாதிரி மெல்லிய இழை) அடிச்சு முட்டைக்கு நீந்திப் போகும். 1896இல ஜப்பானில இக்கெனோ எண்ட தாவரவியலாளர் உதைச் சைக்கசில கண்டவர். அதே வருசம் ஹிராசே கிங்கோவில கண்டவர்.

என்ர அனுபவம் புத்தளத்துத் தப்போவவில. அங்க யுராசிக் காலத்துப் படிவு இருக்கு. படிக்கேக்க கூட்டிக்கொண்டு போனவை. பக்கத்தில நிண்ட பெடியன் ஒரு கல்லைத் தட்ட, புத்தகம் மாதிரி விரிஞ்சுது. உள்ள சீப்புப் பல்லு மாதிரி ஒரு ஓலைச் சுவடு. பத்து நிமிசம் ஒருத்தரும் கதைக்கேல்லை, அவ்வளவுதான்.

ஓய்வூதியர் ஒட்டுசுட்டான்:
தங்கச்சி, உம்மட அம்மம்மாவுக்குத் தெரிஞ்ச கை. ஆனா உதை வாசிச்சிட்டு ஆரும் மா இடிக்க வெளிக்கிடாதேங்கோ. காயில சைக்கசின் எண்டு நஞ்சு இருக்கு, ஈரலைத் திண்ணும். அது தண்ணியில கரையும், அதாலதான் அவ தண்ணியை அவ்வளவு தூரம் கொண்டுபோனவ. பசிபிக் கடலில இருக்கிற குவாம் தீவில உந்த மாச் சாப்பிட்ட சனத்துக்கு நரம்பு வருத்தம் வந்தது இதாலதானோ எண்ட வாதம் இன்னும் முடியேல்லை.

மாடு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இன்னும் ஒண்டு. பக்கத்து வளவு நாம்பன் குருத்தோலையைத் திண்டுபோட்டுப் பின்னங்காலை இழுத்தது. ஊசி போட்டும் எழும்பேல்லை. ஓலை மாலை வளையத்துக்கு வடிவுதான், ஆனா வெட்டின மிச்சத்தைப் பட்டிக்குள்ள போடாதேங்கோ. நாய் காயைத் திண்டாலும் தப்பிறது கஷ்டம்.

வடலிக்காடன் தம்பிக்கு: காய் பெருத்ததை வைச்சுக் கருக்கட்டினது எண்டு நம்பாதேயும், சைக்கசில வெறுங்காயும் பெருக்கும். விழுந்த வித்துக்குள்ள முளையம் பிறகும் வளர்றதால மாதக்கணக்குப் பொறுக்கவேணும். ஆனா ஒரு வருசம் கூடிப்போச்சு. ஒண்டைக் கிண்டி வெட்டிப் பாரும். வேற வழி, அடியில குட்டி வந்தா வெட்டி, காயம் உலர விட்டு, மணல் கலந்த மண்ணில வையும். தண்ணி தேங்கக் கூடாது. எருவும் கனக்கப் போடாதேயும், அதின்ர வேரிலயே நீலப்பச்சை அல்கா இருந்து நைதரசன் குடுக்கும். பெண்ணின்ர குட்டியும் பெண்தான், அதால உம்மட பிரச்சினை தீராது.

வடலிக்காடன்:
நன்றி ஐயா. வெட்டிப் பாத்தன். உள்ள முளையம் எண்டு ஒண்டுமே இல்லை.

மடுவீதி:
ஆண் மரம் எங்கட பக்கம் ஒண்டு நிண்டது. கூம்பு என்ர முழங்கை நீளம், நெத்தியை வைச்சா லேசாச் சுடும், வாசம் தலையிடிக்கும். சின்ன வண்டு மொய்ச்சுக்கொண்டு இருந்தது. காத்துத்தான் மகரந்தத்தைக் கொண்டுபோறது எண்டு படிச்ச எனக்கு அது புதினம். கூம்பு முத்தினாப்போல மகரந்தத்தைப் பொலித்தீன் பையில எடுப்பம், நெடுங்கேணிக்கு ஒரு ஓட்டம் போகலாம் எண்டு போன கிழமை உங்களுக்கு எழுத இருந்தனான்.

நேற்றுப் போனன். மருந்துச் சரக்குக்கு வாங்கிற ஆரோ முந்தியிட்டினம். ஓலை ஒண்டும் முறியேல்லை. நடுவில வெட்டின அடி மட்டும் பிசின் வடிஞ்சபடி ஈரமா இருந்தது. வண்டுகள் அதுக்கு மேல சுத்திக்கொண்டு நிண்டுது.