டிப்ளமசி ஆட்டத்தில் கொடுத்த வாக்கை மீறலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு ஏழு பேர் கூடி, ஆளுக்கொரு நாடாகப் பேரம் பேசிப் படை நகர்த்தும் பலகை ஆட்டமான டிப்ளமசி ஆடுகிறோம். சென்ற முறை ரஷ்யாவாக ஆடிய என் தம்பியும் துருக்கியாக ஆடிய நண்பரும், கருங்கடலில் இருவருமே நுழைவதில்லை என்று கைகொடுத்துப் பேசி முடித்தார்கள். அதை நம்பித் தம்பி செவஸ்டோபோல் கப்பலை ருமேனியாவுக்கு அனுப்பினான். நகர்வுகளை எழுதிய சீட்டுகளைப் பிரித்துப் படித்தபோது துருக்கியின் கப்பல் கருங்கடலிலும் படை அர்மீனியாவிலும் நின்றன. அடுத்த நகர்விலேயே செவஸ்டோபோல் பறிபோயிற்று. தம்பி சாப்பிடாமலே எழுந்து போய்விட்டான். ஒப்பந்தத்தை யாரும் மீறக்கூடாது என்று வீட்டு விதி வைக்கலாமா?

ஜெயநகர் ஆட்டக்காரர்:
வைக்க வேண்டாம் ஐயா. ஆலன் காலமர் 1959-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் பகடை கிடையாது. பலகையில் படைகளைத் தாங்கும் 34 மையங்களில் 18-ஐப் பிடித்தால்தான் வெற்றி என்பதால் பிறர் துணையின்றி எவரும் வளர முடியாது. எந்த ஒப்பந்தமும் யாரையும் கட்டுப்படுத்தாது என்பதுதான் மூல விதி. கட்டளைகளை மறைவாக எழுதி ஒரே நேரத்தில் திறப்பதும், சொன்னதற்கும் எழுதியதற்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும் என்பதற்காகவே. ரஷ்யாவும் துருக்கியும் மீறவே முடியாத கூட்டணி அமைத்துவிட்டால், அதை உடைக்க மற்ற ஐவரும் என்ன பேசினாலும் பயனில்லை, பேச்சுவார்த்தையே செத்துவிடும்.

தம்பியின் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. இருவரும் கருங்கடலுக்கே நகர்வது என்று பேசியிருக்க வேண்டும். சமபலம் மோதினால் இரண்டு கப்பல்களும் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். துருக்கி வாக்குத் தவறி நகராமல் இருந்தால் கருங்கடல் ரஷ்யாவுக்கே கிடைக்கும். மீறுபவருக்கு இலாபமில்லாத ஒப்பந்தமே நிலைக்கும்.

சிவாஜிநகர் வாசகி:
மனம் தாங்காதவர்களுக்கு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. ட்வைலைட் இம்பீரியத்தில் உடனே நிறைவேற்றக்கூடிய பேரம் கட்டுப்படுத்தும். பின்னால் செய்வதாகச் சொன்னது கட்டுப்படுத்தாது. எதை ஆடினாலும், எந்த வாக்கு செல்லும் என்பதைத் தொடங்குமுன் அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். என்னை உறுத்துவது துரோகமல்ல. சென்ற மாதக் கோபத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தில் ஒருவரைத் தேடித்தேடி அடிப்பதுதான். அது எஞ்சிய ஐந்து பேரின் ஞாயிற்றுக்கிழமையையும் கெடுத்துவிடுகிறது.

அல்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி. விதியை மாற்றவில்லை. மோதல் யோசனையைத் தம்பியிடம் சொன்னேன். பலகையை விரித்து, இரண்டு கப்பல்களையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.