பிரதியிடலா, ஈடிடலா?

அனைவருக்கும் வணக்கம்.

கணக்கில் எழுத்துக்குப் பதில் எண்ணை வைப்பதைக் குறிக்கும் 'பிரதியிடல்' என்ற சொல்லை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும் என்பேன். கோபிச்செட்டிபாளையத்தில் மாலை நேரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். போன வாரம் 2க² − 5க என்ற இயற்கணிதக் கோவையில் க = −3 எனப் பிரதியிடச் சொன்னேன். ஒரு பையன் நோட்டில் '2 −3² − 5 −3' என்று எழுதியிருந்தான். "பெருக்கல் எங்க கண்ணு?" என்றேன். "பிரதின்னா காப்பிதானுங்க சார், அதான் அப்படியே எழுதிட்டனுங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை. பத்திர ஆபீசிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை அவன் காதில் விழும் பிரதி நகல்தான்.

பிரதியிடலுக்குப் பதில் 'மதிப்பிடுதல்' என்று சொல்லலாமே எனச் சிலர் எழுதியிருந்தீர்கள். பயிர்ச் சேதத்தை மதிப்பிடுகிறோம், மஞ்சள் விளைச்சலை மதிப்பிடுகிறோம், எல்லாம் உத்தேசம். கோவையில் கிடைப்பது உத்தேசமல்லவே. 'பதிலிடுதல்' விடை எழுதுவதாகிவிடும்.

என் பரிந்துரை 'ஈடு'. படு பாடாவது போல, சுடு சூடாவது போல, இடு ஈடாகிறது. 'அதற்கு ஈடாக இது' என்னும்போது ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரும் பொருளும் அதில் இருக்கிறது. இட்லி ஊற்றும் வீட்டில் 'இன்னொரு ஈடு ஊத்தட்டுங்களா' என்ற கேள்வி பிள்ளைகளுக்குப் பழக்கம். அன்றைக்கு அதையே பிடித்துக்கொண்டேன். எழுத்து இருந்த இடத்திலெல்லாம் முதலில் குழி போடச் சொன்னேன்: 2( )² − 5( ). அப்புறம் ஒவ்வொரு குழியிலும் −3 ஊற்றினான். 18 + 15, மொத்தம் 33. அதே தட்டில் க = 4 என்று அடுத்த ஈடு ஊற்றியதில் 12 வந்தது. அடைப்புக்குறி ஏன் வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆக, கோவையில் வரும் எழுத்துகளுக்கு, அதாவது மாறிகளுக்கு, ஒருமுறை கொடுக்கும் மதிப்புகள் எல்லாம் சேர்ந்து ஓர் 'ஈடு'. க = 2, ச = 7 என்றால் இரண்டும் ஒரே ஈடு. செயல் 'ஈடிடல்'. கிடைக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பது 'ஈடிட்டுக் காணல்'. இடு இரண்டு முறை வருகிறதே என்றால், பாட்டுப் பாடுகிறோம், ஆட்டம் ஆடுகிறோம்; அது தமிழுக்குப் புதிதல்ல.

ஈடு என்றால் அடமானம் ஆயிற்றே என்பீர்கள். அதை 'வைக்கிறோம்', இதை 'இடுகிறோம்'. வினையே பொருளைப் பிரித்துவிடும்.

இலங்கைப் பாடநூல்களிலும் பிரதியிடல்தான். மதிப்பைப் பெறுமானம் என்பார்கள். 'ஈடு' அங்கே எப்படிக் காதில் விழுகிறது என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்.