கோத்தகிரியில் நல்ல முழு மீன் பார்த்து வாங்குவது எப்படி?

கோத்தகிரி_சமையல்:
ஐஸ் பெட்டியில் இருக்கும்போது மத்தி, அயிலை, சங்கரா எல்லாமே பளபளவென்றுதான் இருக்கு. நாற்றமும் தெரியறதில்லை. வீட்டில் கழுவும்போது பார்த்தால் மத்தி வயிறு உடைஞ்சு குழையுது. கண்ணைப் பார்த்து எடுத்தால் போதுமா, வேறென்ன பார்க்கணும்?

குன்னூர்_அக்கா:
கண்ணைக் கடைசியில் பாருங்க. ஐஸ் நேராகப் பட்டால் நல்ல மீனின் கண்ணும் வெளுத்துப்போகும். குழி விழுந்திருந்தால்தான் சந்தேகம். முதல் வேலை செவுள் மூடியைத் தூக்கறது. சிவப்பாக, இழை இழையாகப் பிரிஞ்சு நிற்கணும். பழுப்போ சாம்பலோ ஆகி, கொழகொழன்னு சளி ஒட்டியிருந்தால் வைச்சிடுங்க.

வாடை விஷயத்தில் நம்ம மலைக்குளிர் ஏமாத்தும். சில்லென்ற மீனிலிருந்து வாடை கிளம்பாது. செவுளுக்குள் விரலை விட்டு எடுத்து, ரெண்டு விரலையும் தேய்ச்சு சூடாக்கி முகர்ந்து பாருங்க. கடல் வாசம் வந்தால் சரி. புளிச்ச வாடையோ மூக்கைக் குத்தும் வாடையோ வந்தால் வேண்டாம். தலை வெட்டி வைச்சிருக்கும் மீனில் இதையெல்லாம் பார்க்க வழியே இல்லை, அதனால முழுசாகவே வாங்குங்க.

மேட்டுப்பாளையம்_மீன்கடை:
அக்கா சொன்னது சரி. மத்தி வயிறு உடையறதுக்குக் காரணம் வேற. இரை தின்ன வயிறோடு பிடிபட்ட மத்திக்கு, செத்த பிறகு அதன் செரிமான நீரே வயிற்றுச் சுவரைக் கரைக்கும். ஐஸ் குறைஞ்சால் இது வேகமாக நடக்கும். பெட்டியின் அடியில் இருக்கிறது மேல் பாரத்தில் நசுங்கவும் செய்யும். அதனால வயிற்றை லேசாக அழுத்திப் பாருங்க. தொளதொளன்னு இருந்தாலோ, ஆசனவாய் வழியாக நீர் கசிஞ்சாலோ எடுக்காதீங்க. முதுகில் பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிரணும். உறைஞ்ச மீன் கல் மாதிரி இருக்கும், அதில் இந்தச் சோதனை செல்லாது.

ஊட்டி_வாசகர்:
‘இங்கேதான் குளிராச்சே, ஐஸ் எதுக்கு’ என்று பலகையில் பரப்பி விற்பவர்களிடம் மத்தி, அயிலை, சூரை வாங்கவே வாங்காதீங்க. இந்த மூணும் குளிர்ச்சி குறைஞ்சால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும் வகை. கெட்ட வாடை வராமலேயே அது சேர்ந்துவிடலாம். வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரிச்சு, தலை வலிக்கும். மீனுக்கு வேண்டியது உருகும் ஐஸின் 0 டிகிரி. ஊட்டியின் 10, 15 டிகிரி அதுக்குப் போதாது. மலையேறும் முன்னே சமவெளி வெயிலில் வந்த மீன் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், மேலும் கீழும்.

கூடலூர்_பாறை:
மாதத்தையும் பாருங்க. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை. கேரளத்தில் ஜூன் 10 வாக்கில் தொடங்கி ஜூலை 31 வரை டிராலர்களுக்கு (இழுவலைப் படகுகளுக்கு) தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் வரத்து குறைவு, பெரிய மீன் எவ்வளவு நாள் ஐஸில் இருந்தது என்று கேட்டே வாங்கணும். அந்த நாட்களில் பவானிசாகர் அணையின் கட்லா, ரோகு கிடைச்சால் அதுவே மேல். செதில் இறுக்கமாக இருக்கணும். கொஞ்சம் மண்வாசனை இருந்தால் கெட்டுப்போனதென்று நினைக்காதீங்க, குளத்து மீனுக்கு அது இயல்பு.

குன்னூர்_அக்கா:
வாங்கியதும் முதலில் குடலையும் செவுளையும் எடுத்துடுங்க. அவைதான் முதலில் கெடும். உள்ளே முதுகெலும்பை ஒட்டிய கறுத்த ரத்தத்தை விரல் நகத்தால் சுரண்டிக் கழுவி, அன்றைக்கே சமைச்சிடுங்க.