சாம் மணல்மேட்டில் அந்தி வானம் படத்தில் வெளிறிப்போகிறது: உதவுங்கள்

கேள்வி:

வணக்கம். ஜெய்சல்மேரில் தங்கியிருக்கிறேன். நேற்று மாலை சாம் மணல்மேடுகளில் சூரிய அஸ்தமனத்தைப் படமெடுத்தேன். கண்ணுக்கு ஆரஞ்சும் செம்மையுமாகத் தெரிந்த வானம், படத்தில் வெளிறிய மஞ்சளாக இருக்கிறது. சூரியனைச் சுற்றி ஒரு திட்டு. அதன் ஓரத்தில் வளையம் வளையமாகக் கோடுகள். மணலுக்கு ஒளியளவு வைத்தால் வானம் வெளுக்கிறது, வானத்துக்கு வைத்தால் மணல் கறுக்கிறது. அத்தனை அழகாக இருந்த மணல்வரிகள் ஒரு படத்திலும் விழவில்லை. போதாக்குறைக்கு, எல்லாப் படங்களிலும் வானத்தில் அதே இடத்தில் இரண்டு மூன்று மங்கலான கரும்புள்ளிகள்.

ஏபிஎஸ்-சி சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கேமரா. 18-55, 55-250 மில்லிமீட்டர் லென்ஸ்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 22, தானியங்கி ஒயிட் பேலன்ஸ், ஜேபெக் கோப்பு. நாளை மாலை இன்னொரு முறை போக முடியும். எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில் 1:

புள்ளிகள் ஒரே இடத்தில் இருக்கின்றன என்றால் அது சென்சார்மேல் உட்கார்ந்திருக்கும் தூசிதான். லென்ஸின் துளையை எஃப் 22 வரை சுருக்கும்போது (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) அதன் நிழல் கூர்மையாக விழுகிறது. எஃப் 8 அல்லது 11 வையுங்கள். புள்ளி மங்கும், படமும் கூர்மையாகும். மணல்மேட்டில் நின்று லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். எது வேண்டும் என்று அறையிலேயே முடிவுசெய்து மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் ஆரஞ்சு ஒளியைப் பிழை என்று நினைத்துச் சரிசெய்கிறது. அதை வெயில் அமைப்புக்கு மாற்றுங்கள். ஆனால் முக்கியக் காரணம் வேறு. அந்தி ஒளியில் சிவப்புதான் முதலில் நிரம்பிவிடும். சிவப்பு அதன் உச்சத்தில் நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். உங்கள் ஆரஞ்சு மஞ்சளானது இப்படித்தான். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலின் வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் மோதாத அளவுக்கு ஒளியளவைக் குறையுங்கள். சூரிய வட்டம் மட்டும் நிரம்பினால் பரவாயில்லை, அது நிரம்பத்தான் செய்யும்.

ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நிரம்பி வழிந்த இடத்தின் ஓரத்தில் வளையம் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள்.

பதில் 2:

முக்காலி இருந்தால் ஒளியளவை மாற்றி மாற்றி மூன்று படங்கள் எடுத்துப் பிறகு கணினியில் இணைத்துவிடலாம். வானமும் மணலும் இரண்டுமே கிடைக்கும்.

பதில் 3:

இரண்டாம் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. சாமில் ஒட்டகமும் ஜீப்பும் ஆட்களும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். இணைத்த படத்தில் அவர்களெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிவார்கள். அதைவிடப் பெரிய குறை, நிழலில் கிடக்கும் மணலை வலிந்து வெளிச்சமாக்கினால் அது சிமென்ட் தரைபோல ஆகிவிடும்.

தம்பி, நீங்கள் சூரியனுக்கு நேரெதிரே நின்றிருக்கிறீர்கள். அப்படி நின்றால் மேட்டின் இருண்ட முகம்தான் உங்களைப் பார்க்கும். சூரியன் தோளுக்குப் பக்கவாட்டில் வரும்படி திரும்பி நில்லுங்கள். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் உயர மணல்வரியின் நிழல் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நீளும். 5 பாகைக்கு இறங்கினால் 11 சென்டிமீட்டர். குளிர்காலத்தில் அங்கே 10 பாகை என்பது மறைவதற்கு ஏறக்குறைய 50 நிமிடம் முன்பு, 5 பாகை என்பது 25 நிமிடம் முன்பு. மணல்வரிக்கு உரிய பொழுது அதுதான். எல்லாரும் மறையும் கணத்துக்காகக் காத்திருக்க, நல்ல படம் அவர்கள் முதுகுப்பக்கம் நடந்து முடிந்துவிடுகிறது!

இன்னொன்று, கால்தடம். கோடையில் வீசும் தென்மேற்குக் காற்று தடங்களை அழித்து மணலைப் புதிதாக வரைந்துவிடும். குளிர்காலக் காற்றுக்கு அந்த வலு இல்லை, சுற்றுலாக் கூட்டமோ அப்போதுதான் வருகிறது. ஆகவே சாமில் மிதிபடாத மணல் கிடைப்பது கடினம். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே இருக்கும் கூரி கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள், கூட்டம் குறைவு. நான்கு மணிக்கே போய், எந்த மேட்டை எடுக்கப்போகிறீர்களோ அதில் நீங்களே கால் வைக்காமல் சுற்றி நடங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா, கூரிக்கே போகிறேன். ஒரு சந்தேகம். ஒட்டகத்துக்குப் பின்னால் பெரிய சூரியன் இருப்பதுபோல ஒரு படமாவது வேண்டும். 18-இல் எடுத்தபோது சூரியன் கடுகளவுதான் இருந்தது.

பதில் 1:

55-250 லென்ஸை மாட்டுங்கள். 250-இல் சூரியன் சென்சார்மேல் 2.3 மில்லிமீட்டர் வரும், படத்தின் உயரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. சூரியனின் கோண அளவு அரை பாகைதான். ஆளேறிய ஒட்டகத்தை 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆகவே லென்ஸை நம்புவதைவிட விலகி நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒட்டகம் மேட்டின் முகட்டில் போக, நீங்கள் தாழ்வில் இருந்தால் அதன் கால்கள் வானத்தில் தனித்துத் தெரியும். ஒட்டகக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவர் நேரத்துக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள்; அவருக்கு அது பிழைப்பு. சூரியன் நன்றாக மங்கும்வரை இந்த டெலி லென்ஸ் (தொலைவை நெருக்கிக் காட்டுவது) மாட்டிய கேமராவில் ஒளியியல் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், பின்திரையில் பாருங்கள். கண் போய்விடும்.

பதில் 3:

மறைந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த 25 நிமிடத்தில் வானமும் மணலும் வெளிச்சத்தில் நெருங்கி வந்துவிடும். ஒரே படத்தில் இரண்டும் கிடைக்கும்.

கேட்டவர் (மறுநாள் இரவு):

போய்வந்தேன். ஒட்டகப் படம் கிடைக்கவில்லை. அடிவானத்துக்கு மேலேயே சூரியன் தூசிப்படலத்தில் கரைந்துவிட்டது. ஆனால் மணல்வரிகள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருக்கின்றன, மறைந்தபின் எடுத்தவற்றில் ஆரஞ்சு அப்படியே இருக்கிறது. எஃப் 11-இலும் ஒரு புள்ளி மட்டும் தெரிகிறது. சென்சாரைத் துணியால் துடைக்கலாமா?

பதில் 1:

வேண்டவே வேண்டாம். அங்குள்ள மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், சென்சார்மேல் இருக்கும் கண்ணாடியைக் கீறிவிடும். கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கைப்பம்பால் ஊதிப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் படத்தில் அந்தப் புள்ளியைக் கணினியில் நீக்கிக்கொண்டு, ஊருக்குப் போனதும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.