விதைநெல் மூட்டம்: நடுவில் புளித்த வாடை, ஓரத்தில் முளையே இல்லை. எங்கே தவறு?

கேள்வி (வரப்போரம்):
20 கிலோ விதைநெல். உப்புக் கரைசலில் மிதந்த பதரை நீக்கி, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, முளைகட்டுவதற்காகப் பிளாஸ்டிக் உரச்சாக்கில் இறுக்கிக் கட்டி மூட்டம் போட்டாயிற்று. மறுநாள் பிரித்தால் நடுவில் கொதிசூடு, புளித்த வாடை, விதையெல்லாம் வழவழ. ஓரத்து விதை காய்ந்து கிடக்கிறது. உப்பு கூடிப்போனதா? நாற்றங்கால் சேறடித்துத் தயாராக இருக்கிறது, அடுத்த விதையை நனைக்க வேண்டும்.

பதில் (சேற்றுக்கால்):
உப்பைக் குற்றம் சொல்லாதீர்கள், சாக்குதான் காரணம். ஊறிய விதை மூச்சுவிடும், மூச்சுவிட்டால் சூடு கிளம்பும். காற்றுப் புகாத பையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. 40 டிகிரியைத் தாண்டினால் முளை வெந்துவிடும். காற்றில்லாமல் புளிப்பதால்தான் அந்த வாடை.

சணல் சாக்கையே எடுங்கள், அதிலும் பாதிதான் நிரப்புங்கள். விதை ஊறிப் பெருக்கவும், புரட்டவும் இடம் வேண்டும். நிழலில் வைக்கோல் விரித்து அதன்மேல் படுக்கவைத்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சாக்கைத் திருப்பி, நடுவில் கையை விட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. சுட்டால் உடனே கொட்டிப் பரப்பித் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். ஓரம் காய்ந்தது தெளிப்பு போதாததால்.

இன்னொன்று, ஊறும்போதும் தண்ணீரை இரண்டு தடவையாவது மாற்றுங்கள். ஒரே தண்ணீரில் கிடந்தால் புளிப்பு அங்கேயே தொடங்கிவிடும். பொதுவாக 24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் மூட்டம். குளிர் காலத்தில் இரண்டுமே நீளும். கடிகாரத்தைவிட விதையை நம்புங்கள்: உமி வழியே கரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் ஊறல் போதும்.

பதில் (களத்துமேடு):
மேலே சொன்னதுதான் முதல் காரணம். ஆனாலும் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ போட்டுக் கலக்கி, முட்டையை விட்டுப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவு மேலே தெரிய வேண்டும். முட்டை புதிதாக இருக்கட்டும். பழையதற்குள் காற்று கூடியிருக்கும், உப்பு குறைவாக இருக்கும்போதே மிதந்து ஏமாற்றிவிடும். விதையைக் கொட்டியதும் கையால் அலசிவிடுங்கள், காற்றுக்குமிழி ஒட்டிய நல்ல நெல்லும் மிதக்கும். மிதந்ததில் பத்தை உரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அரிசி நிறைந்திருந்தால் கரைசல் அந்த ரகத்துக்குக் கெட்டி, தண்ணீர் சேர்க்கலாம்.

மூழ்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவியே தீர வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கொடுப்பதானால் கழுவிய பிறகு, கிலோ விதைக்கு 10 கிராம், ஊறவைக்கும் தண்ணீரிலேயே கலக்கலாம். அதனுடன் ரசாயன விதைநேர்த்தி மருந்தைச் சேர்க்காதீர்கள்.

வரப்போரம்:
ஓரத்து விதை தேறுமா? முளை எவ்வளவு இருக்கும்போது விதைப்பது?

பதில் (சேற்றுக்கால்):
வழவழப்பானதை ஒதுக்கிவிடுங்கள். ஓரத்து விதையை அலசி, 100 எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஏழு நாளில் 80க்கு மேல் முளைக்கும் விதைதான் விதை. இதற்குள் நாற்றங்கால் காத்திருக்காது என்பதால் புதுவிதையை இன்றே நனைத்துவிடலாம். ஆனால் அது அண்மையில் அறுத்த நெல்லா என்று பாருங்கள். சில ரகங்கள் அறுவடைக்குப் பிறகு சில வாரம் உறங்கும், எவ்வளவு நனைத்தாலும் எழாது. சந்தேகம் இருந்தால் பழைய விதையை எடுங்கள்.

முளை 1, 2 மில்லிமீட்டர் எட்டிப்பார்த்தால் போதும். நீண்டால் வேர் பின்னிக்கொண்டு, வீசும்போது ஒடியும். மழை குறுக்கிட்டால் நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள், வளர்ச்சி மட்டுப்படும். சேறு தெளிந்து இறுகிய பிறகு, தண்ணீரை வடித்துவிட்டு மாலையில் தெளியுங்கள். கலங்கிய சேற்றில் போட்டால் விதை புதைந்து, இங்கேயும் மூச்சுத் திணறித்தான் அழுகும்.