9,000 யூரோவுக்குக் கை நீட்டிய பிராட் பிட்

வெண்ணிலா:
நம் மன்றத்தின் பக்கத்துத் திரியில் கொங்குக்காளை அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார்: "இணையக் காதலில் காசு விட்டவர்கள் பேராசைக்காரர்கள், இல்லையென்றால் முட்டாள்கள். படித்தவன் மாட்டமாட்டான்." உளவியலாளர் மோனிகா விட்டியின் 2018 ஆய்வைப் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். மாட்டியவர்களில் நடுத்தர வயது, நன்றாகப் படித்த பெண்களே அதிகம். அவசரப்பட்டு இறங்கும் சுபாவமும் பரபரப்பைத் தேடும் குணமும்தான் அவர்களிடம் தூக்கலாக இருந்தன.

கொங்குக்காளை:
ஆய்வு கிடக்கட்டும் அம்மணி. போலி பிராட் பிட்டிடம் 8,30,000 யூரோ விட்ட பிரான்ஸ் பெண் கதைக்கு வாருங்கள். பரிசுப் பொருளுக்குச் சுங்கம் கட்ட 9,000 யூரோ கேட்டானாம். ஹாலிவுட் நடிகன் 9,000 யூரோவுக்கு ஏன் கை நீட்டுகிறான்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வெண்ணிலா:
அதற்கும் கதை வைத்திருந்தான். ஏஞ்சலினா ஜோலியுடன் விவாகரத்து வழக்கு, அதனால் கணக்குகள் முடக்கம் என்றான். 2016-இல் தொடங்கிய அந்த வழக்கு 2024 டிசம்பரில்தான் முடிந்தது. ஊரறிந்த உண்மையோடு பொய்யைச் சேர்த்துக் கட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்? அதுவும் முதலில் பேசியது அவன்கூட இல்லை, அவனுடைய 'அம்மா'.

கொங்குக்காளை:
அம்மா பேசினால் என்ன, ஆயா பேசினால் என்ன? 9,000 யூரோ. அவன் ஒரு நாள் படப்பிடிப்புக்கு வாங்கும் சம்பளத்தில் தூசு.

ஓய்வு காசாளர்:
நான் கவுண்டரில் பார்த்த ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வைப்புநிதியை முறிக்க வந்தார். செல்போனை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். டெல்லி ஏர்போர்ட்டில் பார்சல் நிற்கிறதாம், கஸ்டம்ஸ் கட்ட வேண்டுமாம். "டீச்சர், யாருக்குக் கட்டுறீங்க?" என்று கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "என் பணம், உங்களுக்கென்ன?" என்றார். நாம் தடுக்கத் தடுக்க, அந்தப் பக்கம் இருப்பவன்தான் சொந்தம் ஆகிவிடுகிறான்.

கொங்குக்காளை:
காசாளர் ஐயா என் கட்சி. கேட்டும் திருந்தவில்லை பாருங்கள்.

ஓய்வு காசாளர்:
நான் யார் கட்சியும் இல்லை.

பூனைக்குட்டி:
பெண்களை மட்டுமே இழுக்கிறீர்களே. மேட்ரிமோனியில் போட்டோவைப் பார்த்து லட்சக்கணக்கில் அனுப்பிய ஆம்பளைகள் எல்லாம் எங்கே? அவர்கள் போலீஸுக்கே போவதில்லை, மானம் போய்விடும் என்று.

கொங்குக்காளை:
ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஆண், பெண் என்றா சொன்னேன்? 9,000 யூரோ என்றேன்.

வெண்ணிலா:
2024-இல் ஸ்பெயினில் இதே பிராட் பிட் வேஷத்தில் ஒரு கும்பலையே பிடித்தார்கள். இரண்டு பெண்கள் இழந்தது 3,25,000 யூரோ. அந்தப் பெண்களின் மனநிலையை முன்கூட்டியே அலசி, பாசத்துக்கு ஏங்குபவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் என்று தெரிந்துகொண்டுதான் வலை வீசினார்கள் என்று போலீஸே சொன்னது. முதல் தொகை கொடுத்தாகிவிட்டால், 'இது பொய்' என்று ஒப்புக்கொள்வது பணத்தோடு காதலையும் தொலைப்பது. பிரான்ஸ் பெண்ணிடம் மகள் எவ்வளவோ சொல்லியும் ஏறவில்லை. அப்புறம் பிரான்சின் டிஎஃப்1 தொலைக்காட்சியில் அவர் பேட்டி வந்ததும் ஊரே சிரித்ததில், அந்த நிகழ்ச்சியையே டிஎஃப்1 நீக்கிவிட்டது. உங்களைப் போன்ற ஆட்கள்தான் சிரித்தது.

கொங்குக்காளை:
சிரிக்கத்தான் செய்வேன். பிராட் பிட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதாக ஏஐ-யில் செய்த படத்தைப் பார்த்து, அவனுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் என்று நம்பினால் சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் ஊரில் கைநாட்டு வைக்கும் பாட்டிகூட ஏமாறாது.

பூனைக்குட்டி:
உங்கள் ஊரா? 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைத் திட்டத்தில் பணத்தைக் கொட்டி ஏமாந்தவர்கள் எந்த ஊர்?

கொங்குக்காளை:
ஊரை இழுக்காதீர்கள். ஈமு முதலீடு. பத்திரம் இருந்தது, கண்ணெதிரே பறவை நின்றது.

பூனைக்குட்டி:
குஞ்சும் கொடுத்து, வளர்க்க மாதாமாதம் காசும் கொடுப்பானாம். அவன் ஏன் உங்களிடம் கை நீட்டுகிறான் என்று அப்போது யாரும் கேட்கவில்லையா?

கொங்குக்காளை:
அது வேறு, இது வேறு.

வெண்ணிலா:
அண்ணா, போன வருட ஈமுத் திரியில் "விவசாயிகளை நம்பவைத்துக் கழுத்தறுத்தார்கள்" என்று அழாத குறையாக எழுதியது நீங்கள்தானே?

கொங்குக்காளை:
அப்படி எழுதவே இல்லை. சுட்டி இருந்தால் போடுங்கள்.

வெண்ணிலா:
பதிவை அழித்துவிட்டுச் சுட்டி கேட்கிறீர்களா?

கொங்குக்காளை:
அழித்தது மட்டுறுத்துநர். போய் அவரைக் கேளுங்கள்.