குளிரில் சைக்கிள்: காதை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

டொராண்டோவிலிருந்து

இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால், எல்லோரும் கேட்பது கையுறை என்ன, டயர் என்ன என்றுதான். காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் வலிக்க ஆரம்பிப்பதே காதுதான். கை விறைத்தால் விரலை மடக்கி நீட்டலாம். கால் விறைத்தால் இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடக்கலாம். காதை என்ன செய்வது? அசைத்துச் சூடேற்ற அதில் சொல்லிக்கொள்ளும்படி தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை. குருத்தெலும்பு, அதன்மேல் மெல்லிய தோல், அவ்வளவுதான். குளிர் ஏற ஏற உடம்பு ரத்தத்தை உள்ளுக்கு இழுத்துக்கொள்கிறது. ஓரத்தில் இருக்கும் காது, மூக்கு நுனி, விரல்கள் பாடுதான் திண்டாட்டம்.

நான் போவது ஏரிக்கரையை ஒட்டிய மார்ட்டின் குட்மன் பாதையில். கிழக்கிலிருந்து நகரத்துக்குள் போகும்போது ஒன்டாரியோ ஏரி இடது பக்கம். அதனால் எனக்கு எப்போதும் இடது காதுக்குத்தான் அடி. கனடாவின் வானிலைத் துறை வைத்திருக்கும் காற்றுக்குளிர் கணக்குப்படி, வெப்பநிலை -10 டிகிரி, காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் உடம்புக்கு அது -18 மாதிரி இருக்கும். சைக்கிள்காரனுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை: இலை அசையாத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். எதிர்க்காற்றும் அதே அளவு அடித்தால் கணக்கு -21க்குப் போய்விடும். -28ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகும் அபாயம் உண்டு என்பது அதே துறையின் எச்சரிக்கை.

போன ஜனவரியில் ஒரு நாள் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது இடது காதின் மேல் விளிம்பு வெளுத்து, தொட்டால் ஒன்றும் தெரியாமல் மரத்துப்போயிருந்தது. பரபரவென்று தேய்க்கப் போனேன். சமையலறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பிலிப்பைன்ஸ் அம்மா ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தேய்க்கக் கூடாதாம். உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்துக் காதின்மேல் சும்மா வைத்துக்கொண்டிரு என்றார். ஹீட்டர் பக்கம் போகவும் விடவில்லை. மரத்த இடத்தில் சுடுவதும் தெரியாது, பொசுங்கினால்தான் தெரியும் என்றார். உணர்வு திரும்பியபோது எரிந்த எரிச்சல் இருக்கிறதே! நல்லவேளை, கொப்புளம் வரவில்லை. வந்திருந்தாலோ மரப்பு விடாமல் இருந்திருந்தாலோ டாக்டரிடம்தான் போயிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் வாங்கியதுதான் மெல்லிய மெரினோ கம்பளிக் குல்லா, காதுவரை இறங்குவது. தடித்த பின்னல் தொப்பியையும் போட்டுப் பார்த்தாயிற்று. அதன்மேல் ஹெல்மெட் வைத்தால் கொலுப்படி உச்சியில் வைத்த பொம்மை மாதிரி ஆடுகிறது. ஆடும் ஹெல்மெட் விழும்போது காப்பாற்றாது. குல்லா மெல்லியதாக இருந்தால், ஹெல்மெட்டின் பின்னால் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஓஸ்லோவிலிருந்து

தம்பி, நோர்வேயில் இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பென்சன் எடுத்தவர்கள் வரைக்கும் நெற்றிப்பட்டிதான் போடுகிறார்கள். நெற்றியையும் இரண்டு காதையும் சுற்றி வரும், உச்சந்தலை திறந்தே இருக்கும். சைக்கிள் ஓடும்போது தலை வேர்க்கும்தானே. அந்தச் சூடு ஹெல்மெட்டின் ஓட்டைகளால் வெளியே போய்விடும், காது மட்டும் மூடியிருக்கும். -5 வரைக்கும் எனக்கு அது போதும். அதற்குக் கீழே போனால் முழுத் தொப்பி.

பெண்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். தோடு. நான் வந்த புதிதில் கல்யாணத்துக்குப் போட்ட தோட்டோடுதான் வேலைக்கும் போவேன். உலோகம் குளிரை நேரே காதுச் சோணைக்குள் இறக்கும். அதோடு பட்டியைக் கழற்றும்போது தோட்டுச் சுரை கம்பளி நூலில் கொளுவிக்கொண்டு சோணையை இழுக்கும். ஒருநாள் வேலையிடத்து உடுப்பு மாற்றும் அறையில் அப்படியே மாட்டுப்பட்டு நின்றேன், பட்டி ஒரு காதில் தொங்குகிறது, கழற்றவும் முடியவில்லை. கூட வேலை செய்யும் நோர்வேஜியப் பெண் சின்னக் கத்தரிக்கோலால் நூலை வெட்டி விட்டாள். வெட்டிவிட்டு, இதைப் போட்டுக்கொண்டா சைக்கிள் ஓடுகிறாய் என்று தோட்டைப் பார்த்துக் கேட்டாள். இப்போது மார்கழி, தை மாதங்களில் தோட்டைக் கழற்றிப் பேர்ஸுக்குள் வைத்துவிட்டு, வேலையிடத்தில் போய்ப் போடுகிறேன். அம்மா வீடியோவில் கதைக்கும்போது வெறுங்காதைக் கண்டால் பேசுவா. அது வேறு குளிர்!

கோயம்புத்தூரிலிருந்து

உங்கள் ஊர் -10க்கு முன்னால் எங்கள் குளிரைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீலகிரியில் இறங்கும்போது காது படும் பாடு தனி ரகம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவோம். ஏறும்போது குளிரே தெரியாது, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். ஊட்டி வரை போய்விட்டு, டிசம்பர் குளிரில் அதே ரோட்டில் திரும்பி இறங்கினால் மிதிக்கவே வேண்டாம், வேகம் 40ஐத் தொடும். 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகம் என்றால் டொராண்டோ தம்பி சொன்ன அதே கணக்கில் -1 வருகிறது. உண்மையான வெப்பநிலை சுழிக்கு மேலே இருப்பதால் தோல் உறையாது. ஆனால் வலி காதிலிருந்து தாடை வரைக்கும் இறங்கும்.

எனக்கு வைத்தியம் சொன்னவர் குன்னூரில் ஒரு டீக்கடைக்காரர். ஏறும்போது வேர்வை துடைத்த கைக்குட்டையையே தலையைச் சுற்றிக் காதோடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். “அது நனைஞ்சுல்ல இருக்கு. ஈரத் துணியைக் காதுல கட்டிக்கிட்டு இறங்குனா கட்டாம இறங்குறதே மேல்” என்றார். கேட்டால், சின்ன வயதில் அப்பாவோடு விடியற்காலையில் பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவாராம். அவர் கட்டச் சொன்னது காய்ந்த துணி. மாற்றுத் துணி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள், மேலே போனதும் மாற்று என்றார். இப்போது எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான்.

மப்ளர் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முனைகளை ஜெர்க்கினுக்குள் செருகிவிடுங்கள். தொங்கும் முனை சக்கரத்தில் சிக்கினால் காதுக் குளிரெல்லாம் சின்ன விஷயம் ஆகிவிடும்.

சென்னையிலிருந்து

22 டிகிரிக்கே மங்கி குல்லாய் போட்டு நடைப்பயிற்சி போகும் மாமாக்கள் ஊரிலிருந்து எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். எங்கள் பாட்டி மார்கழியில் காதில் பஞ்சு வைத்துத்தான் அனுப்புவார். அது குளிருக்குச் சரிப்படுமா?

டொராண்டோவிலிருந்து

சார், பஞ்சு அடைப்பது காதுத் துவாரத்தை. காற்று உள்ளே போய்க் குத்துவது கொஞ்சம் குறையும். ஆனால் உறைவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மடல், அதற்குப் பஞ்சால் ஒரு லாபமும் இல்லை. அதோடு பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்காது. இங்கே தரையில் பனி கிடந்தால் ஊரே பஞ்சு வைத்த மாதிரிதான் இருக்கும், புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிவிடும். அதற்குமேல் நாமும் அடைக்கக் கூடாது.

மான்ட்ரியலிலிருந்து

நான் மாலையில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். எங்களுக்குக் காது கேட்டே ஆக வேண்டும், பனி அள்ளும் வண்டி பின்னால் வந்தால் ஒதுங்க வேண்டுமே. அதனால் குல்லாயை விடக் காது மஃப், அதாவது இரண்டு காதை மட்டும் மூடும் மெத்தை, எனக்குப் பிடிக்கும். தலைக்குமேல் வளையும் பழைய மாடல் ஹெல்மெட்டோடு ஒத்துவராது. பிடரி வழியாகச் சுற்றி வரும் மாடலைப் பாருங்கள். இந்த மஃபைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பையன், செஸ்டர் கிரீன்வுட். பனிக்கட்டியில் சறுக்கும் ஸ்கேட்டிங் காலணி போட்டு விளையாடப் போனவனுக்குக் காது குளிர் தாங்கவில்லை, கம்பளி சுற்றினால் அரிப்பு. 1873இல், 15 வயதில், கம்பியை வளைத்துப் பாட்டியிடம் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொண்டான். 1877இல் காப்புரிமையும் வாங்கிவிட்டான். சென்னை சார், பாட்டிகள் பஞ்சோடு நிற்பதில்லை!

ஒரு குறை: -15க்குக் கீழே மஃபின் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். அப்போது முகத்தையும் சேர்த்து மூடும் பலாக்லாவாதான். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடிக் காம்பைத் துணிக்கு வெளியே விடுங்கள். உள்ளே விட்டால் காதுக்குப் பின்னால் அழுத்தி வலிக்கும், மூச்சுக்காற்று மேலேறிக் கண்ணாடியும் மங்கிவிடும்.

ஔலுவிலிருந்து

பின்லாந்தின் இந்த ஊரைக் குளிர்கால சைக்கிளுக்குத் தலைநகரம் என்றே சொல்லலாம். குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முதலில் 2013இல் நடந்ததே இங்கேதான். -20இலும் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக சைக்கிள் நிற்கும். நான் இங்கே படிக்க வந்தவன். பல்கலைக்கழகத்துக்குப் போக முதல் வருடம் குல்லாய்மேல் குல்லாய் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா தன் பனிச்சறுக்கு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலேயே காதுக்குத் திண்டு வைத்துத் தைத்திருக்கிறது, காற்றோட்ட ஓட்டைகளை வேண்டும்போது மூடிக்கொள்ளலாம். -15க்குக் கீழே இதைவிடச் சுகமானது எதுவும் இல்லை. -5இல் போட்டால் தலை வெந்துவிடும். சைக்கிளுக்கும் சேர்த்துப் பாதுகாப்புச் சான்று பெற்ற மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வெறும் பின்னல் துணி காற்றைத் தடுக்காது. காதுப் பக்கத்தில் காற்றுப் புகாத துணி ஒரு அடுக்கு வைத்துத் தைத்த பட்டி இங்கே சாதாரணக் கடையிலேயே கிடைக்கிறது. ஓஸ்லோ அக்காவின் பட்டியில் அது இருக்கிறதா?

ஓஸ்லோவிலிருந்து

இருக்கிறது தம்பி, முன்பக்கமும் காதுப் பக்கமும் மட்டும். பின்பக்கம் வெறும் கம்பளி, அதனால் வேர்வை காய்ந்துவிடும்.

பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. கழுத்தில் முடியும் நாடாத் தொப்பி வேண்டாம், எதிலாவது மாட்டுப்பட்டால் கழுத்தை இறுக்கும். உச்சியில் குஞ்சம் வைத்த தொப்பியும் சரிவராது, ஹெல்மெட் அதன்மேல் குந்திக்கொண்டு நிற்கும். என் மகள் குஞ்சம் இல்லாத தொப்பி போட மாட்டேன் என்று ஒரே அழுகை. கடைசியில் குஞ்சத்தை வெட்டி எடுத்து அவளுடைய பள்ளிக்கூடப் பையில் தைத்து விட்டேன். இப்போது தம்பிக்காரன் தனக்கும் ஒன்று வேணுமாம்.